கவாசாகிக்குக் குடிபோகிறேன்: பக்கத்துக் கடைகளில் எதைச் சாப்பிட, என்ன இனிப்பு கிடைக்கும்?

கல்லிடைப் பொண்ணு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் கல்லிடைக்குறிச்சி. இப்போது பாளையங்கோட்டையில் அம்மா வீட்டில் இருக்கிறேன். வீட்டுக்காரர் ஒன்றரை வருஷமாக ஜப்பானில், கவாசாகியில் வேலை பார்க்கிறார். எனக்கும் விசா வந்துவிட்டது. சித்திரை பிறந்ததும் கிளம்புகிறேன்.

வீட்டுச் சமையலைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பொடி, வத்தல், புளி எல்லாம் அம்மா இப்போதே கட்ட ஆரம்பித்துவிட்டாள். அப்பளத்துக்கு எங்கள் ஊரில் குறையே கிடையாது. கவலை எல்லாம் வெளியே சாப்பிடுவதைப் பற்றித்தான். "வீட்டுப் பக்கத்தில் என்ன கடை இருக்கு?" என்று அவரிடம் கேட்டால், "ஏதோ இருக்கு, நான் போனதில்லை" என்கிறார். பதினெட்டு மாசத்தில் அவர் போன இடம் மூன்றே மூன்று: ஆபீஸ் கேன்டீன், நேபாளிகள் நடத்துகிற நான் ரொட்டிக் கடை, முக்குக்கு முக்கு இருக்கிற கன்வீனியன்ஸ் ஸ்டோர். வீடியோவில் தெருவைக் காட்டச் சொன்னேன். வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள். வாசலில் நீலத் துணி தொங்குகிறது, உள்ளே ஒன்றுமே தெரியவில்லை. அதை விலக்கிக்கொண்டு எப்படி நுழைவது என்று மனுஷனுக்குக் கூச்சம்.

நான் சைவம். கேக்கில் முட்டை இருந்தால் சாப்பிடுவேன், முட்டையாக வந்தால் சாப்பிட மாட்டேன். இது என்ன கணக்கு என்று தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள். அவர் எல்லாம் சாப்பிடுவார். எனக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு ஏதாவது இனிப்பு வாயில் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் தலைவலி வந்துவிடும். ஜப்பான் இனிப்பு சப்பென்று இருக்கும் என்கிறார்களே, நிஜமா? அங்கே இருந்தவர்கள், இருக்கிறவர்கள் சொல்லுங்கள். யூடியூபில் பார்த்தால் எல்லாரும் டோக்கியோவில் வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு வேண்டியது வரிசை இல்லை, நடந்து போகிற தூரத்தில் இருக்கிற கடை.


வண்ணாரப்பேட்டை வாத்தியார்:

நான் பத்து நாள்தான் போயிருந்தேன், அதுவும் ஒசாகா. குக்கர் கொண்டு போங்கள். ஊறுகாய் இரண்டு பாட்டில் கொண்டு போங்கள். சைவத்துக்கு அங்கே ஒன்றும் கிடையாது. நான் பத்து நாளும் வாழைப்பழமும் பிஸ்கட்டுமாக ஓட்டினேன்.


குறுக்குத்துறைக்காரன்:

வாத்தியார் சார் பத்து நாளில் பார்த்தது அவ்வளவுதான், அவரைக் குறை சொல்லவில்லை. தங்கச்சி, நான் 2012 முதல் 2020 வரை கவாசாகியில்தான் இருந்தேன். இப்போது டவுனில், குறுக்குத்துறை போகிற வழியில் வீடு. உங்கள் வீட்டுக்காரரை மாதிரியே நானும் முதல் வருஷம் முழுக்க நீலத் துணிக்குப் பயந்தவன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் துணிக்கு நோரென் என்று பேர். வராதே என்று தடுக்கிற திரை இல்லை அது. வெளியே தொங்கினால் கடை திறந்திருக்கிறது, உள்ளே எடுத்து வைத்துவிட்டால் வியாபாரம் முடிந்தது. இந்த ஒரு விஷயம் எனக்குத் தெரிய பதினோரு மாசம் ஆனது. விலக்கிக் கொஞ்சம் குனிந்து நுழைந்ததும் உள்ளே இருக்கிற எல்லாரும் சேர்ந்து "இராஷ்ஷைமாசே" என்று ஒரு சத்தம் போடுவார்கள். முதல் தடவை ஏதோ தப்புப் பண்ணிவிட்டோம் என்று நான் திரும்பப் பார்த்தேன். வாங்க வாங்க என்கிறார்கள், வேறொன்றும் இல்லை. பதில் சொல்ல வேண்டாம். இரண்டு விரலைக் காட்டினால் இடம் காட்டுவார்கள். தண்ணீரோ டீயோ கேட்காமலே வரும், அதற்குக் காசு கிடையாது. கை துடைக்க ஈரத்துண்டு வரும். டிப்ஸ் கிடையவே கிடையாது. நான் ஒரு நாள் மேசையில் நூறு யென் வைத்துவிட்டு வந்தேன். மறந்து வைத்துவிட்டேன் என்று நினைத்து அந்த மனுஷன் ஏப்ரன் கட்டியபடியே சிக்னல் வரைக்கும் ஓடி வந்து கையில் கொடுத்தார்.

சில கடைகளில் வாசலிலேயே ஒரு மெஷின் நிற்கும். காசைப் போட்டுப் பொத்தானை அமுக்கினால் சீட்டு வரும், அதை உள்ளே நீட்ட வேண்டும். படம் இல்லாத மெஷின் என்றால் மேல் இடது மூலைப் பொத்தான்தான் பெரும்பாலும் அந்தக் கடையின் பேர் சொல்லும் பண்டம். உங்களுக்கு அது உதவாது, அது அநேகமாகப் பன்றி எலும்போ கோழியோ போட்ட ராமென் நூடுல்ஸ். வீட்டுக்காரருக்குச் சொல்லி வையுங்கள். பெரிய கடைகளின் கண்ணாடிப் பெட்டியில் சாப்பாட்டை அப்படியே பொம்மையாகச் செய்து வைத்திருப்பார்கள். கடைக்காரரை வெளியே கூட்டிவந்து கையைக் காட்டினால் போதும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். என் ஜப்பானியப் பேச்சின் முதல் இரண்டு வருஷம் ஆள்காட்டி விரல்தான்.

எந்தக் கடைக்குப் போவது என்பதற்கு எல்லாரும் நட்சத்திரம் பார்க்கச் சொல்வார்கள். தாபெலோகு என்று ஒரு தளம் இருக்கிறது. அதில் 3.5 என்றாலே பிரமாதமான கடை, அங்கத்து ஜனங்கள் மார்க் போடுவதில் அவ்வளவு கறார். நம்ம ஊர் ஆப்பில் 3.5 என்றால் அந்தப் பக்கமே போக மாட்டோம். நான் அதைப் பார்ப்பதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடைக்குள் இருக்கிற கடைகளில் ஒன்றைப் பிடித்தேன். ஒவ்வொரு வியாழக்கிழமையும் ராத்திரி ஏழு மணிக்கு அங்கேதான். ஒரு தாத்தாவும் பாட்டியும் நடத்துகிற தெய்ஷோகு கடை. தெய்ஷோகு என்றால் நம்ம ஊர் மீல்ஸ் மாதிரி: சோறு, மிசோ சூப், ஊறுகாய், கூட ஒரு முக்கியப் பதார்த்தம். மூன்றாவது வியாழக்கிழமை பாட்டி மெனுவை நீட்டவில்லை. நாலாவது வாரம் நான் இரண்டாம் தடவை சோறு கேட்பேன் என்று தெரிந்து கிண்ணத்தைப் பெரிதாக்கிவிட்டாள். ஆறு மாசம் கழித்து நான் காய்ச்சலில் ஒரு வாரம் போகவில்லை. அடுத்த வாரம் போனபோது தாத்தா கரண்டியோடு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து ஏதோ கேட்டார். ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் என்ன கேட்டார் என்று புரிந்தது. இப்படி ஒரு கடையைப் பிடித்துவிட்டால் மற்றக் கடைகளுக்கு அவர்களே வழி சொல்லிவிடுவார்கள். எங்கள் தெரு டோஃபு (சோயாப் பால் கட்டி) கடை, இனிப்புக் கடை இரண்டையும் எனக்குக் காட்டியது அந்தப் பாட்டிதான். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை இந்த மாதிரிக் கடைகள் மூடியிருக்கும், அந்த நேரத்தில் போய் ஏமாறாதீர்கள். ராத்திரிச் சாராயக் கடையில் உட்கார்ந்தால் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வரும், அதற்கு முந்நூறு நானூறு யென் பில்லில் ஏறும். சண்டை போட வேண்டாம், அது இடத்துக்குக் காசு.

இப்போது சைவம். இதில் ஒளித்து மறைக்க ஒன்றும் இல்லை, கஷ்டம்தான். ஆனால் எங்கே கஷ்டம் என்று தெரிந்துவிட்டால் பாதி தீர்ந்தது. மாசிக் கருவாடு தெரியும்தானே? உங்கள் வீட்டில் தெரிந்திருக்காது, தூத்துக்குடிப் பக்கம் கேட்டால் சொல்வார்கள். சூரை மீனை அவித்து, புகைபோட்டு, காயவைத்து, கட்டையாக்கி வைப்பது. ஜப்பானிலும் அதே சூரை மீன்தான், அதே மாதிரி கட்டைதான், பேர் கத்சுவோபுஷி. தச்சர் இழைப்புளியைக் கவிழ்த்துப் பெட்டியில் பொருத்தியது மாதிரி ஒன்று வைத்துச் சீவுவார்கள். சுருள் சுருளாக விழும். அதை வெந்நீரில் போட்டு எடுக்கிற சாற்றுக்குத் தாஷி என்று பேர். நம்ம சமையலுக்குப் பெருங்காயமும் புளித்தண்ணியும் மாதிரி அங்கே எல்லாவற்றுக்கும் அடியில் அது இருக்கும். மிசோ சூப்பில், நூடுல்ஸ் குழம்பில், காய் வேகவைத்த தண்ணீரில்.

என் வீட்டுக்காரி 2014-இல் வந்தாள், அவளும் சைவம். குளிர்ந்த சோபா நூடுல்ஸ் இருக்கிறது, கறுப்புச் சாற்றில் முக்கிச் சாப்பிடுவது. அதில் கறி மீன் எதுவும் கண்ணுக்குத் தெரியாது, சோயா சாஸ்தான் என்று நான் சத்தியம் பண்ணினேன். நாலு மாசம் வாராவாரம் சாப்பிட்டாள். ஒரு நாள் கடைக்குள் நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். "இது எங்க அத்தை வீட்டு அடுப்படி வாசம்லா?" என்றாள். அத்தை வீடு தூத்துக்குடி. அதுக்கப்புறம் இரண்டு நாள் என்னோடு பேச்சு இல்லை. தப்பு என் மேல்தான், விசாரிக்காமல் சொன்னேன். அதனால் "நிகு நாஷி", கறி வேண்டாம், என்று மட்டும் சொன்னால் போதாது. மீன் வேண்டாம், தாஷியும் வேண்டாம் என்று ஜப்பானிய எழுத்தில் ஒரு அட்டை எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரின் ஆபீஸில் யாராவது எழுதிக் கொடுப்பார்கள். வெள்ளரிக்காய் வைத்த சுஷி, உமே என்கிற, உப்பில் ஊறின புளிப்புப் பழம் வைத்த சோற்று உருண்டை, அவித்த பச்சை சோயாக் காய் இதெல்லாம் கிட்டத்தட்ட எங்கும் கிடைக்கும். காய்கறி தெம்புரா நம்ம பஜ்ஜிக்குச் சொந்தக்காரன். மாவில் முட்டை இருக்கலாம், அது உங்கள் கணக்கில் எந்தப் பக்கம் வரும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கூட வருகிற சாற்றைத் தொடாமல் உப்புக் கேளுங்கள், கொடுப்பார்கள். டோஃபு மேல் சருகு மாதிரி எதுவோ ஆடினால், அது மாசி. கையை எடுத்துவிடுங்கள்.

இனிப்புக்கு வருகிறேன். அங்கேதான் நீங்கள் ராணி.

கெய்க்யூ கவாசாகி ஸ்டேஷனில் தாய்ஷி லைன் என்று ஒரு சின்ன ரயில் புறப்படும். மூன்றாவது ஸ்டேஷன் கவாசாகி தாய்ஷி. இறங்கி நடந்தால் பெரிய புத்தர் கோவில். கோவில் வாசலுக்கு நகமிசே என்கிற கடைத்தெரு. நெல்லையப்பர் கோவில் முன்னால் நிற்கிற மாதிரியே இருக்கும், வளையல் கடைக்குப் பதில் தருமா பொம்மைக் கடை. ஒரு பக்கம் மிட்டாயை நீளமாக இழுத்துக் கத்தியால் தட்டித் தட்டி வெட்டுவார்கள். இரண்டு பேர் வெட்டினால் நையாண்டி மேளம் மாதிரி தாளம் கேட்கும். நான் 2013 தையில், பொங்கல் அன்றைக்கு, எங்கே போவது என்று தெரியாமல் அந்த ரயிலில் ஏறிப் போய் இறங்கினேன். குளிர் எலும்பைக் கடித்தது. பழைய கடை ஒன்றில் உட்கார்ந்து, பக்கத்து மேசைப் பாட்டியின் தட்டைக் காட்டி அது வேண்டும் என்றேன்.

தட்டில் ஏழெட்டுத் துண்டு. முக்கோணமாக வெட்டியிருந்தது. வெள்ளை என்று சொல்ல முடியாது, சாதம் வடித்த கஞ்சி ஆறினால் ஒரு மங்கல் வருமே, அந்த நிறம். மேலே கினாகோ என்கிற வறுத்த சோயா மாவு. பொரிகடலையை வறுத்துத் திரித்தால் வருகிற வாசம். அதுக்கு மேல் கறுப்புப் பாகு. ஒரு துண்டை வாயில் போட்டேன். முதலில் பாகின் இனிப்பு, அப்புறம் மாவு நாக்கில் ஒட்டியது, கடிக்கக் கடிக்க வழுக்கிக்கொண்டு போனது. எல்லாம் தொண்டையில் இறங்கின பிறகு, பின்னாலிருந்து ஒரு சின்னப் புளிப்பு வந்தது. எனக்கு அப்படியே தலை கிர்ரென்றது. அந்தப் புளிப்பு எனக்குத் தெரியும். தீபாவளிக்கு முந்தின நாள் காலையில் எங்கள் ஆச்சியின் அடுப்படியில் இருக்கிற புளிப்பு. கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பால் பிழிந்து, ராத்திரி முழுக்கப் பாத்திரத்தில் அப்படியே விட்டிருப்பாள். காலையில் மேலே தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டு அடியில் உறைந்ததைக் கிளறும்போது அந்த வாசம் வரும். அல்வாவுக்கு உயிர் அந்த மாவுப்பால்தான் என்பாள்.

கடைக் காகிதத்தை ஆபீஸில் கூட வேலை பார்த்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். கொமுகி என்றார். கோதுமை! பண்டத்தின் பேர் குசுமோச்சி. கோதுமை மாவிலிருந்து பசையைப் பிரித்துவிட்டு, மிச்ச மாவுப்பாலை ஒரு வருஷத்துக்கும் மேலாகத் தொட்டியில் புளிக்க வைத்து, பல தடவை கழுவி, ஆவியில் வேகவைப்பது. நாம் ஒரு ராத்திரி, அவர்கள் ஒரு வருஷம். நாம் நெய்யும் சீனியும் போட்டுக் கிண்டுகிறோம், அவர்கள் வேகவைத்து நிறுத்திவிட்டுப் பாகை வெளியே ஊற்றுகிறார்கள். நெய்யையே கண்டிராத அல்வா என்று வைத்துக்கொள்ளுங்கள். 1830-களில் யாரோ ஒருவர் வைத்திருந்த மாவு மழையில் நனைந்துவிட்டது, பானையில் போட்டு மறந்துவிட்டார், அடுத்த வருஷம் பார்த்தால் அடியில் வெள்ளையாக உறைந்திருந்தது என்று அந்தப் பக்கம் கதை சொல்வார்கள். டோக்கியோவில் கமெய்தோ கோவில் பக்கம் 1805 முதல் இதைச் செய்கிற கடை ஒன்றும் உண்டு. ஆனால் கியோத்தோ பக்கம் இதே பேரில் கிடைப்பது வேறு, அது ஒரு கொடிக்கிழங்கு மாவு. குழம்பிவிடாதீர்கள். கவாசாகிக் குசுமோச்சியில் முட்டை கிடையாது, பால் கிடையாது, மீன் கிடையாது. உங்கள் நாலு மணிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இதில் ஒரு கூத்து. தாய்ஷி ரயிலில் கோவிலுக்கு முந்தின ஸ்டேஷன் சுசுகிச்சோ. இறங்கினால் எதிரே அஜினோமோட்டோ ஆலை. 1914 முதல் அங்கே ஓடுகிறது. ஊரில் ஆச்சி "அந்த வெள்ளைப் பொடியப் போட்ட கடைல திங்காதல" என்று திட்டுவாளே, அதன் தாய்வீடு. ஆரம்ப காலத்தில் அந்தப் பொடியைக் கோதுமைப் பசையிலிருந்துதான் எடுத்தார்கள். ஆக ஒரே கோதுமை. பசையை ஆலை எடுத்துக்கொண்டது, மாவுப்பாலைக் கோவில் கடை எடுத்துக்கொண்டது. அந்தப் பசையையே இனிப்பாக்கி, உள்ளே பயறு வைத்து, மூங்கில் இலையில் சுற்றித் தருகிற ஃபு மஞ்சு என்று ஒன்றும் இருக்கிறது. அல்வாவுக்குப் பால் பிழிந்துவிட்டு ஆச்சி சக்கையை மாட்டுக்குத்தான் வைப்பாள்.

தெரு இனிப்புக் கடையைப் பற்றிச் சுருக்கமாக. அங்கே பூரணம் பெரும்பாலும் அசுகி என்கிற சிவப்புப் பயறு. அரைபட்டும் படாமலும் இருந்தால் த்சுபுஆன், மழுங்க அரைத்தால் கோஷிஆன். வெள்ளைக்காரர்கள் பயற்றில் இனிப்பா என்று முகத்தைச் சுளிப்பார்கள். முந்திரிக்கொத்து தின்று வளர்ந்த நமக்கு என்ன? சப்பென்று இருக்கும் என்று சொன்னவர்கள் ஒன்று தின்றுவிட்டுச் சொல்லியிருப்பார்கள். கூடவே பால் இல்லாத பச்சை டீயைக் கசக்கக் கசக்கக் குடிக்க வேண்டும். நீங்கள் போகிற நேரம் சகுராமோச்சி முடிகிற நேரம். உப்புப் போட்ட செர்ரி இலையில் சுற்றியது, இலையோடு தின்னலாம். மே 5 அவர்களுக்குக் குழந்தைகள் நாள், அன்றைக்குக் கஷிவாமோச்சி. இதில் இலையைத் தின்னக்கூடாது, நான் தின்று கடைக்கார அம்மா பதறிப்போனாள். அரிசி மாவு, உள்ளே பூரணம், வெளியே இலை. நம்ம திருக்கார்த்திகைப் பனையோலைக் கொழுக்கட்டையை வேறு மரத்துக்குக் குடிவைத்த மாதிரி. மீன் உருவத்தில் தாய்யாகி விற்பார்கள், உள்ளே மீன் இல்லை, பயறுதான். மாவில் முட்டை இருக்கலாம். பொட்டலம் கட்டி வாங்கினால் வரி 8 சதவீதம், கடையில் உட்கார்ந்து தின்றால் 10. 2019 அக்டோபரில் வந்த சட்டம். நான் இரண்டு சதவீதத்துக்காகக் குளிரில் நின்றுகொண்டு தின்ற ஆள்.


காயல் கடற்காற்று:

அண்ணாச்சி குசுமோச்சியிலேயே நின்றுவிட்டார்கள். நான் காயல்பட்டணம், ஃபுகுஓகாவில் மூன்று வருஷம் இருந்தேன். ஜெலட்டின் விஷயத்தை யாரும் சொல்லவில்லையே? கன்வீனியன்ஸ் ஸ்டோரில் அழகழகாக மூஸ் கேக், புட்டிங், ஜெல்லி எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். நிறையவற்றில் ஜெலட்டின் இருக்கும், அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது. எங்களுக்கும் ஆகாது, தங்கச்சிக்கும் ஆகாது. போனில் கேமராவை லேபிள் மேல் காட்டினால் மொழிபெயர்த்துவிடும். ஜெலட்டின் என்று வந்தால் வைத்துவிடுங்கள், ஜப்பானியத்தில் அதற்கு "ஸெராச்சின்" என்று பேர்.

ஆனால் பழைய இனிப்புக் கடையில் உறைய வைப்பதெல்லாம் கான்தென். எங்கள் வீட்டில் நோன்பு நேரத்தில் பால் ஊற்றிக் காய்ச்சி ஆறவைத்து வெட்டுகிற கடல்பாசியேதான். நான் முதல் தடவை அன்மித்சு என்று ஒன்று வாங்கினேன். கிண்ணத்தில் கண்ணாடி மாதிரி சதுரச் சதுரமாகக் கடல்பாசி, மேலே அவித்த பயறு, கொஞ்சம் பழம், தனிக் குப்பியில் கறுப்புப் பாகு. உம்மாவுக்குப் படம் அனுப்பினேன். "அவ்வளவு தூரம் போயி நம்மூட்டு கடப்பாசியத்தான் திங்கியா?" என்று கேட்டார்கள். யோகான் என்கிற கட்டி இனிப்பும் கடல்பாசியும் பயறும் சீனியும்தான், பார்சல் கட்டி ஊருக்கு அனுப்பினாலும் கெடாது. இன்னொன்று, சோயா சாஸ் பாகு பூசின மிதராஷி தாங்கோவைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். சில இடத்தில் அந்தப் பாகில் மிரின் என்கிற அரிசிச் சாராயம், சில இடத்தில் தாஷி. குச்சியில் குத்தின உருண்டைதானே என்று நான் ஏமாந்திருக்கிறேன்.


உடன்குடிப் பனை:

கறுப்புப் பாகு, கறுப்புப் பாகு என்று இரண்டு பேரும் சொல்கிறீர்கள், உடன்குடிக்காரன் நான் சும்மா இருக்க முடியுமா? அது கரும்பு. ஒகினாவா, ககோஷிமா தீவுகளில் காய்ச்சுகிற கரும்புச் சர்க்கரை. வாசம் கருப்பட்டிக்குக் கிட்டே வரும், ஆனால் அந்தப் புகையும் அடித்தொண்டைக் கார்ப்பும் வராது. தங்கச்சி, கல்லிடை அப்பளத்தோடு ஒரு கிலோ கருப்பட்டியும் எடுத்துக்கொண்டு போங்கள். பாகு காய்ச்சி அந்தக் குசுமோச்சி மேல் ஊற்றித் தின்று பார்த்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள்.

நான் இருப்பது நகோயா. இங்கே காலையில் காபிக் கடைக்குப் போனால் காபிக்கு மட்டும் காசு, ரொட்டியும் அவித்த முட்டையும் சும்மா வரும். முட்டையை உங்கள் வீட்டுக்காரர் தட்டுக்குத் தள்ளிவிடுங்கள். வெண்ணெய் தடவின ரொட்டி மேல் இனிப்புப் பயறைப் பூசி ஒகுரா டோஸ்ட் என்று தருவார்கள். கேட்கக் கோளாறாக இருக்கும், தின்றால் விட மாட்டீர்கள். குளிர்காலத்தில் சீனிக்கிழங்கு வண்டி வரும். "இஷி யாகி இமோ..." என்று இழுத்து ஒரு பாட்டு, ஒலிபெருக்கியில் தெருவெல்லாம் கேட்கும். எனக்கு அதைக் கேட்டால் கொடைக்கு ரேடியோ கட்டின மாதிரி இருக்கும். சூடான கல்லில் சுட்டது, தோலை உரித்தால் உள்ளே தேன் வடியும்.


வண்ணாரப்பேட்டை வாத்தியார்:

ஒசாகாவில் எனக்கு இதையெல்லாம் யாரும் சொல்லவில்லையே. ஹோட்டல் வாசலிலேயே ஒரு இனிப்புக் கடை இருந்தது. சோப்புக் கடை என்று நினைத்துவிட்டேன்.


கல்லிடைப் பொண்ணு:

மன்னிக்கவும், பதில் போட ஆறு வாரம் ஆகிவிட்டது. வந்து சேர்ந்துவிட்டேன்.

மே 5 அன்றைக்கு இவரை இழுத்துக்கொண்டு தெருக்கோடிக் கடைக்குப் போனேன். நீலத் துணியை நான்தான் விலக்கினேன். அண்ணாச்சி சொன்ன சத்தம் வந்தது, இவர் இரண்டு அடி பின்னால் போய்விட்டார். ஆறு கஷிவாமோச்சி வாங்கினேன். "தமாகோ ஹைத்தே இமாசு கா" என்று முட்டை இருக்கிறதா எனக் கேட்கப் பத்து நாள் மனப்பாடம் பண்ணியிருந்தேன். கேட்டதும் கடைக்கார அம்மா கடகடவென்று இரண்டு நிமிஷம் பதில் சொன்னார்கள். அதற்கு நான் மனப்பாடம் பண்ணவில்லை. கடைசியில் அவர்களே கையால் பெருக்கல் குறி போட்டுக் காட்டினார்கள். இலையை எடுத்துவிட்டுத்தான் தின்றோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாய்ஷி கோவில். குசுமோச்சியைக் கடையில் ஒரு தட்டுச் சாப்பிட்டுவிட்டு, ஒரு பொட்டலம் வீட்டுக்கு வாங்கி வந்து கருப்பட்டிப் பாகு ஊற்றினேன். பனை அண்ணன் சொன்னது சரி. ஆனால் கடைப் பாகோடு சாப்பிடும்போதுதான் அந்தப் புளிப்பு தனியாகத் தெரிகிறது, கருப்பட்டி அதை அமுக்கிவிடுகிறது. சண்டைக்கு வர வேண்டாம். எனக்குப் புளிப்புத் தெரிந்தது, இவருக்குத் தெரியவில்லை. இவர் மதுரைக்காரர்.

அண்ணாச்சி, உங்கள் தாத்தா பாட்டி கடை எந்தத் தெரு என்று சொல்ல முடியுமா? இவருக்கு வியாழக்கிழமை ஆபீஸ் சீக்கிரம் முடிகிறது.


குறுக்குத்துறைக்காரன்:

தங்கச்சி, அந்தக் கடை இப்போது இல்லை. 2019 கடைசியில் தாத்தாவுக்கு முழங்கால் முடியவில்லை. பிள்ளை வேறு வேலையில் இருந்தார், மூடிவிட்டார்கள். கடைசி வியாழக்கிழமை போயிருந்தேன். நோரெனை உள்ளே எடுத்து வைத்த பிறகும் என்னை எழுப்பிவிடவில்லை. அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று போனால் பார்த்துச் சொல்லுங்கள், ஸ்டேஷன் பின்பக்கம் சலவைக் கடைக்கு அடுத்தது. ஆனால் உங்கள் தெருக்கோடிக் கடைதான் இனி உங்களுக்கு. ஜூன் பிறந்தால் தண்ணியாக ஒரு யோகான் வைப்பார்கள், மிசு யோகான், குளிர வைத்துத் தின்பது. விட்டுவிடாதீர்கள்.

ஊருக்கு வரும்போது கினாகோ மாவு இரண்டு பாக்கெட் கொண்டு வாருங்கள். வீட்டுக்காரி பொரிகடலையை வறுத்துப் பார்த்தாள், சோயாவை வறுத்துப் பார்த்தாள், அந்த வாசம் வரவில்லை. பதிலுக்குச் சாயங்காலம் இருட்டுக்கடை வரிசையில் நான் நின்று வாங்கி வைக்கிறேன்.